மாமரப் பெட்டி

பத்து ரூபாய்ச் சீட்டு. பையை வெளியே வைக்கச் சொன்னார்கள்.
பையில் ரசமட்டம், இழைப்புளி, பாதி தின்ற பன்.
காதில் செருகிய பென்சிலை
யாரும் கேட்கவில்லை.

'மீட்கப்பட்டவை' என்று வாசலில் துணிப்பலகை.
கடல்காற்று ஊதி ஊதி
ஒரு முனை அவிழ்ந்து
'மீ' மட்டும் தனியாகத் துடிக்கிறது.
காவலர் ஒருவர் சிவப்புத் தொப்பியைக் கழற்றி
விசிறிக்கொண்டிருக்கிறார்.

முதல் அறையில் காசுகள், உடைந்த மதுச்சாடி,
ஆற்றங்கரை மண்ணில் கிடைத்த பாசிமணி.
நான் நிற்கவில்லை.
மச்சான் போனில் காட்டி
"உங்க கைவேலை மாதிரியே இருக்கே மாமா" என்றது
மூன்றாவது அறையில்.

இருக்கிறாள்.

அன்றைக்குச் சாக்கில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்,
நெல்லித்தோப்புப் பட்டறைக்கு, ராத்திரி ஒன்பதுக்கு மேல்.
"தோட்டத்துல வைக்கிற பொம்மை, புதுசு,
வெளிநாட்டு ஆர்டர்" என்றான் துரைக்கண்ணு.
எனக்கு அவள்
மூன்றடி இரண்டங்குலம்.
இடுப்பில் பதினொன்று.
வலப்பக்கம் ஏதோ துருத்துகிறது, ஐந்தரை.
முகம் வேண்டியிருக்கவில்லை.
பெட்டிக்கு எதற்கு முகம்?

துருத்தியது கை.
இல்லாத பூவைப் பிடித்திருக்கும் விரல்கள்.
சாக்குக்கு மேலேயே தடவிப் பார்த்து
மெல்லிசு, முறிந்துவிடும் என்று தோன்றி
உள்ளே ஒரு கட்டை வைத்துப் பள்ளம் செதுக்கினேன்,
கூலியில் சேராத வேலை.
வைக்கோல் போதாமல்
என் பழைய லுங்கியைக் கிழித்து அடைத்தேன்.

சுவரில் எழுதியிருக்கிறார்கள்:
'இரண்டு கடல் தாண்டிப் போய் வந்தும்
ஒரு விரல்கூடச் சேதமில்லை. வியப்புக்குரியது.'
ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு
"எல்லாம் அவ மகிமை" என்கிறாள்.
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள்.
நானும் கழற்றினேன்.
எந்தக் கணக்கில் என்று சொல்லத் தெரியவில்லை.

பெட்டியும் இருக்கிறது,
அவளுக்கு எதிரே, கண்ணாடிக்குள், விளக்குப் போட்டு.
நான் செய்த எதற்கும் யாரும் விளக்குப் போட்டதில்லை.
கட்டில், சவப்பெட்டி, சர்ச்சுக்கு ஒரு பெஞ்சு,
எதற்கும்.
மாம்பலகை கறுத்துவிட்டது. விரிசல் இல்லை.
மூலைக்கு இரண்டு ஆணி நெருக்கி அடிப்பது என் பழக்கம்.
எண்ணிப் பார்த்தேன். எட்டு மூலை, பதினாறு.

மூடியின் உள்பக்கம் என் எழுத்து.
மேல்பக்கம் எதுவென்று தெரியட்டும் என
அம்புக்குறி போட்டு எழுதியது.
பொம்மையோ எதுவோ,
தலைகீழாய்ப் போகக்கூடாதே.

அதற்கும் ஒரு விளக்க அட்டை:
'தளை. விலங்கு, கட்டு எனப் பொருள்.
கடத்தல் கும்பலின் சங்கேதச் சொல்லாக இருக்கலாம்.
ஆய்வு தொடர்கிறது.'

மூன்று முறை படித்தேன்.
நாலாம் வகுப்போடு நின்றவன்.
எந்த ல, எந்த ள என்று
பிரம்பு சொல்லியும் ஏறவில்லை.
சிரிப்பு வந்தது. இருமி மறைத்தேன்.
இருமல் முடிந்தபோது
சிரிப்பும் இல்லை.

காவலுக்கு நின்ற பெண் கிட்டே வந்தாள்,
சட்டையில் அஞ்சலாட்சி என்று பெயர்.
"தொடாதீங்க."
"தொடல. அது தலைங்க."
"எது?"
திரும்பிச் சிலையின் தலையைப் பார்த்தாள்.
"ஆமா, தலைதான். அதுக்கென்ன?"
பென்சில் எப்போது கைக்கு வந்ததோ.
நடுவில் கண்ணாடி.
ஒரே ஓர் எழுத்து.

போகும்போதுதான் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
வைத்தவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள், எதிரெதிரே.

பையைத் திருப்பிக் கொடுத்தவர்
ரசமட்டத்தைப் பார்த்துவிட்டு
"என்ன வேலை?" என்றார்.
"பெட்டி செய்வேன்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
"சரி சரி" என்று அடுத்த ஆளின் டோக்கனை வாங்கினார்.

பன்னில் எறும்பு ஏறியிருந்தது.